கீழ்ப்படிதல் யாருக்கு?

போன மாதம் இராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போய்வந்தேன். துக்கம் கேட்கப் போனவன் மாதிரிதான் போனேன், ஆனால் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் எதிர்வீட்டுப் பெண் அவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதியதும் அந்த அம்மாள் தூக்குவாளியோடு வாசலுக்கு வருவது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னை ‘அண்ணாச்சி’ என்பார், என் மனைவியை ‘மதினி’ என்பார். அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு ஓரளவு சமாளித்து வந்திருக்கிறார். பாதத்தில் செருப்பு கடித்துப் புண் வந்தது, ஆறவில்லை. அவர் போய்வரும் ஜெபவீட்டில் ஊழியக்காரர் நாற்பது நாள் விசேஷ ஜெபம் என்று ஆரம்பித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால்தான் ஜெபம் பலிக்கும் என்றாராம். டாக்டரையும் நம்பிக்கொண்டு தேவனையும் நம்புவது இரண்டு எஜமானுக்கு வேலை செய்வதாம். கீழ்ப்படிந்தால் சுகம், கீழ்ப்படியாவிட்டால் சாபம் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த அம்மாள் கீழ்ப்படிந்தார். புண் கறுத்து, நாற்றம் எடுத்து, காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகு, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஓடிவந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனான். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் பத்து நாளாகத் தூங்கவிடாமல் செய்கிறது. “எம் மேலதான் குத்தம் அண்ணாச்சி. முப்பத்தோராம் நாளு வலி பொறுக்க முடியாம, யாருக்கும் தெரியாம ஒரு மாத்திரை போட்டுட்டேன். அதான் கர்த்தர் கைவிட்டுட்டாரு.”

ஊழியக்காரரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். விசுவாசக் குறைவாம். பூவா தலையா போடும்போது பூ விழுந்தாலும் தமக்கே, தலை விழுந்தாலும் தமக்கே என்று சொல்லுகிறவரை நாம் என்ன சொல்லுவோம்? நோய் குணமானால் அது இவருடைய ஜெபம். குணமாகாவிட்டால் அது நோயாளியின் அவிசுவாசம். எந்தக் கணக்கிலும் இவர் பக்கம் பற்று எழுதப்படுவதே இல்லை. நாற்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அரசாங்கப் பேரேடுகளைப் புரட்டியவன் நான். ஒரு பக்கம் மட்டுமே உள்ள பேரேட்டைப் பார்த்தால் அங்கே ஏதோ கையாடல் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஜெபத்துக்கு எதிரான கட்டுரை அல்ல. நான் தினமும் ஜெபமாலை சொல்லுகிறவன். கடவுள் நோயைக் குணமாக்க மாட்டார் என்றும் நான் சொல்லவில்லை. கீழ்ப்படிதலும் நம்பிக்கையும் இல்லாமல் கிறிஸ்தவ வாழ்க்கை இல்லை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சண்டை வேறு. யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பதில் நம்மை ஏமாற்றுகிறார்கள். ஏமாற நாமும் தயாராக இருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியவர்களுக்கு அதன் கடைசி வரி மறந்திருக்காது. ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.’ வேலைக்கு வந்த பிறகும் அதே பாட்டுத்தான், மாணவன் என்ற இடத்தில் ஊழியன் என்று மாறியது, அவ்வளவே. கீழ்ப்படிதல் என்றால் மேலே ஒருவர் இருக்கிறார், கீழே நான் இருக்கிறேன், அவர் சொன்னதை வாயைத் திறக்காமல் செய்கிறேன் என்று ஆறு வயதிலிருந்தே படித்துவிட்டோம். அதே பாடத்தைக் கோயிலுக்குள்ளும் கொண்டுபோனோம்.

நான் சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒரு நாள் ‘ஒபேயிர்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதினார். கீழ்ப்படி என்று பொருள். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது, ‘அவுதீரே’ என்றால் காது கொடுத்துக் கேட்பது, அதிலிருந்து வந்ததுதான் இது என்று விளக்கினார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு யோசித்தால், நம் தமிழ் அதைவிட அழகாக அல்லவா சொல்லுகிறது! நம் வீடுகளில் ‘கீழ்ப்படி’ என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொல்லுவதில்லை. ‘சொன்னாக் கேளு’ என்கிறாள். நல்ல பிள்ளை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கேட்பதுதான் கீழ்ப்படிவது.

இதே ‘கேள்’ என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு பொருள் உண்டு. ஒன்றைத் தா என்று கேட்பதும் கேட்பதுதான். இது ஏன் இப்படி என்று கேள்வி கேட்பதும் கேட்பதுதான். இன்றைக்கு நம் சபைகளில் தா என்று கேட்பது மட்டும் அமோகமாக நடக்கிறது. வருடப் பிறப்பன்று வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம். வீடு, விசா, மகளுக்கு வரன் என்று பட்டியல் கொடுக்கிறோம். கடவுள் என்ன சொல்லுகிறார் என்று காது கொடுத்துக் கேட்பது குறைந்துவிட்டது. சொல்லுகிற மனுஷனைக் கேள்வி கேட்பதோ அடியோடு நின்றுவிட்டது. இந்த மூன்றில் எது போனாலும் மற்ற இரண்டும் கெட்டுப்போகும் என்பது என் எண்ணம்.

கீழ்ப்படிதலும் நம்பிக்கையும் நிஜமாக எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் எருசலேமுக்குப் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போனால் போதும். அங்கே கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊர். அதை 1842ல் உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810ல் பிறந்தவர். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். நான் கத்தோலிக்கன், அவர் பிரதரன் சபைக்காரர். அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் என் மாமனார். சாத்தூர்ப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம் அவருடையது.

அருளப்பனுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர். பல் வைத்தியராக நல்ல வருமானத்தோடு இருந்தவர், அதை விட்டுவிட்டு முதலில் பாக்தாத்துக்கும் பிறகு இந்தியாவுக்கும் வந்தார். பிரிஸ்டலில் யாரிடமும் பணம் கேட்காமல் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர், குரோவ்ஸின் தங்கையைக் கட்டியவர். இப்படிப்பட்டவர்களின் பழக்கம் அருளப்பனுக்கு. அந்தக் காலத்தில் மிஷன் ஊழியம் என்றால் மாதச் சம்பளம் நிச்சயம். அருளப்பனுக்கும் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார். சம்பளம் வாங்கினால் ஜனங்கள் என்னைக் கூலிக்குப் பேசுகிறவன் என்பார்கள், கடவுளை நம்பிப் பிழைத்துக்கொள்ளுகிறேன் என்பது அவர் எண்ணம்.

இங்கே கவனியுங்கள். கடவுளை நம்புகிறேன் என்று சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மலையடிவாரத்தில் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு நிலத்தில் பாடுபட்டு, அதில் வருவதைச் சாப்பிட்டுக்கொண்டு, சுற்றியிருந்த ஊர்களுக்கு நடந்து போய்ப் பிரசங்கம் செய்தார். நம்பிக்கை என்பது அவருக்கு உழவை நிறுத்துவது அல்ல. கூலியை எதிர்பார்க்காமல் உழுவதுதான்.

1860ல் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். திருநெல்வேலிச் சபைகள் பலவற்றுக்கும் அது பரவியது. உலகத்தில் பெந்தெகொஸ்தே என்ற பெயரே வருவதற்கு நாற்பது வருடம் முந்தியது இது. அதனால்தான் இன்று பல ஊழியக்காரர்கள் மேடையில் அருளப்பனை எங்கள் முன்னோடி என்கிறார்கள். நல்லது, சொல்லட்டும். ஆனால் அருளப்பனிடமிருந்து அந்நிய பாஷையை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் வேண்டாம் என்ற வார்த்தையை விட்டுவிட்டார்களே, அது ஏன்? அவர் 1867ல் இறந்தார். காணிக்கைக் கவரில் தொகையைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுகிறவர்கள் அவருடைய பிள்ளைகளா?

இரண்டாவது ஆள், தாமஸ் ராக்லண்ட். 1815ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் வருடக் கணிதப் பரீட்சையில் நான்காவதாக வந்தவர். அப்படிப்பட்டவருக்கு இங்கிலாந்தில் நாற்காலி தயாராக இருந்திருக்கும். சென்னைக்கு வந்து சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அதையும் விட்டுவிட்டு 1854ல் நம் பக்கம் வந்தார். இன்றைய சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அன்று திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதி. வீடு கட்டவில்லை. கூடாரம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள், அவரும் இரண்டு மூன்று நண்பர்களும் உள்ளூர் உபதேசிமாரும். நம் கரிசல் காட்டில் சித்திரை வைகாசியில் கூடாரத்துக்குள் இருப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு நுரையீரல் நோய். ஜெபிக்காமலா இருந்திருப்பார்? விசுவாசம் இல்லாமலா இருந்திருப்பார்? 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்துபோனார். வயது நாற்பத்து மூன்று. அவர் நாளில் மனம் மாறினவர்களும் கொஞ்சம் பேர்தான். எதிர்வீட்டு அம்மாளின் ஊழியக்காரருடைய அளவுகோலை வைத்து அளந்தால் ராக்லண்ட் தோற்றுப்போனவர், விசுவாசக் குறைவுள்ளவர், ஏதோ மறைவான பாவத்தால் சபிக்கப்பட்டவர். அப்படிச் சொல்ல இவருக்கு நாக்கு வருமா?

மூன்றாவது, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். நம் தலைமுறைக்குத் தெரிந்த பெயர். ராக்லண்டின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார், பணத்துக்காக யாரிடமும் விண்ணப்பம் விடுவதில்லை என்ற கொள்கையோடு வளர்த்தார். கடவுளிடம் மட்டும் கேட்டார். நம்பிக்கை என்று இதைச் சொல்லலாம்.

அந்த நம்பிக்கைக்காரி என்ன செய்தார்? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைக் கொட்டிவிட்டு ஜெபம் மட்டும் செய்தாரா? இல்லை. டாக்டர்களை வரவழைத்தார். டோனாவூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1931ல் களக்காட்டில் அவர் ஒரு குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எழுந்து நடமாடட்டும் என்று அத்தனை பேர் ஜெபித்தார்கள். பழையபடி ஆகவே இல்லை. சாகும்வரை கிட்டத்தட்ட இருபது வருடம் பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே படுக்கையில் கிடந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். டோனாவூரில் அவர் கல்லறைமேல் கல்கூட வைக்கவில்லை, குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் ‘அம்மாய்’ என்ற பெயர், அவ்வளவே. குணமாகாததனால் அவரைக் கடவுள் கைவிட்டார் என்று சொல்லுகிறவன் முதலில் டோனாவூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இந்த மூன்று பேரையும் ஏன் வரிசையாகச் சொன்னேன் என்றால், மூவரிடமும் ஒரே அடையாளத்தைப் பார்க்கிறேன். அவர்களுடைய கீழ்ப்படிதலுக்கான விலையை அவர்களே கொடுத்தார்கள். அருளப்பன் சம்பளத்தை இழந்தார். ராக்லண்ட் பதவியையும் உடம்பையும் இழந்தார். அம்மையார் சொந்த நாட்டை இழந்தார். இதனால் நன்மை அடைந்தவர்கள் வேறு ஆட்கள். எதிர்வீட்டு அம்மாளின் விஷயத்தில் என்ன நடந்தது? கீழ்ப்படியச் சொன்னவர் ஒருவர், காலை இழந்தவர் இன்னொருவர். கட்டளை இட்டவர் வெள்ளிக்கிழமைதோறும் அதே மேடையில் ஏறுகிறார். அவருக்குச் சர்க்கரை வந்தால் மாத்திரையை நிறுத்துவாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அதை நான் பார்த்தேன்.

ஒருவர் உங்களைக் கீழ்ப்படியச் சொன்னால் நட்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று பாருங்கள். சொல்லுகிறவருக்கு ஒரு நட்டமும் இல்லாமல், கேட்கிறவருக்கு மட்டும் நட்டம் என்றால் அது கடவுளிடமிருந்து வந்த உத்தரவு என்று நம்ப வேண்டாம்.

அலுவலகத்தில் பழுத்த குமாஸ்தாக்கள் புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. மேலதிகாரி வாய்மொழியாக ஏதாவது தவறாகச் செய்யச் சொன்னால் மறுத்துப் பேசாதே, பணிவாக, “ஐயா, எழுத்தில் கொடுத்துவிடுங்கள்” என்று கேள். பாதி உத்தரவுகள் அங்கேயே செத்துவிடும். இந்த ஊழியக்காரர்களின் உத்தரவு எல்லாமே வாய்மொழிதான். “கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்.” சரி, எழுத்தில் எங்கே இருக்கிறது?

எழுத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தேன். எசேக்கியா ராஜாவுக்குச் சாகிற அளவுக்கு நோய். அவர் அழுது ஜெபித்தார், கடவுளும் கேட்டார். பதினைந்து வருட ஆயுள் கொடுத்தார். ஆனால் அதே ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் பற்றுப் போடச் சொல்லுகிறார். ஏசாயா 38ஆம் அதிகாரம். ஜெபமும் இருந்தது, மருந்தும் இருந்தது. எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் சீராக் ஆகமத்திலும் அதே 38ஆம் அதிகாரம், வைத்தியரை மதிக்கச் சொல்லி, மருந்தைப் பூமியிலிருந்து உண்டாக்கினவர் கடவுளே என்கிறது. சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர்தான்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உச்சிக்குக் கொண்டுபோய், குதி, தூதர்கள் தாங்கிக்கொள்ளுவார்கள் என்கிறான். அதற்கு வசனமும் காட்டுகிறான். இயேசு குதித்தாரா? கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். மாத்திரையை நிறுத்து, கர்த்தர் தாங்குவார் என்பதும் குதி என்று சொல்லுவதும் ஒன்றுதானே! வசனம் காட்டிக் குதிக்கச் சொன்ன முதல் ஆள் யார் என்பதை நம் ஊழியக்காரர்கள் ஒருமுறை திருப்பிப் படித்தால் நல்லது.

“ஆபிரகாம் கேள்வி கேட்டாரா? மகனையே பலி கொடுக்கப் போனாரே” என்பார்கள். கேட்டார், நன்றாகவே கேட்டார். சோதோம் பட்டணத்தை அழிக்கப்போகிறேன் என்று கடவுள் சொன்னதும், ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விடுவீரா என்று ஆரம்பித்துப் பத்துவரை பேரம் பேசியவர் அவர்தான். மோரியா மலையிலும் கடைசியில் என்ன நடந்தது? கத்தியை ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தினார் கடவுள். பிள்ளைமேல் கை போடாதே என்பதுதான் அங்கே கடைசி உத்தரவு. அலுவலகத்தில் பிந்திய உத்தரவு வந்தால் முந்தியது ரத்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரு வைஷ்ணவ நண்பர் இருந்தார். ஆடிப்பூரத் தேர் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் சம்பிரதாயத்தில் சரணாகதியைப் பற்றி இரண்டு கட்சி உண்டு என்று விளக்குவார். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்யாது, தாய் அதைக் கவ்விக்கொண்டு போகும். வடகலை, தென்கலை இரண்டுக்கும் இதில் நூற்றாண்டுக் கணக்கில் வாதம். நான் அவரிடம், “சாமி, குட்டியைக் கீழே போட்டுப் பார்க்கிற தாய் எந்தக் கலையிலாவது உண்டா?” என்றேன். சிரித்துவிட்டு, “அதெல்லாம் தாயே இல்லை ஓய்” என்றார்.

இன்சுலின் கதை தெரியுமா உங்களுக்கு? 1922 ஜனவரியில் கனடாவில் டொராண்டோ ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த பதினாலு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதல் அதைப் போட்டார்கள். அதுவரை அந்த வகைச் சர்க்கரை வந்த குழந்தைகளுக்கு நாள் எண்ணுவதுதான் வைத்தியம். பையன் பிழைத்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள். கோடீசுவரர்கள் ஆகியிருக்கலாம். நட்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று இங்கேயும் பாருங்கள். கடவுள் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தாரா, அல்லது மாத்திரையை நிறுத்தச் சொன்ன மைக்கில் இருந்தாரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லச் சிரமம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று 1954லிருந்தே ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள நோய்களை மந்திர தந்திரத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். சர்க்கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது எந்த மதமானாலும் பொருந்தும்.

பிரிந்த சபைக்காரர்களை மட்டும் குறை சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பங்குகளிலும் சாமியார் சொன்னால் அது சம்மனசு சொன்ன மாதிரி. கணக்குக் கேட்டால் விசுவாசம் இல்லாதவன் என்று பெயர். யார் வீட்டிலும் இந்த நோய் உண்டு.

என் வீட்டிலும் உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் நானும் ஒரு பக்கப் பேரேடு எழுதினவன் ஆவேன். வேலையில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விதவை உதவித்தொகை கேட்டு ஓர் அம்மாள் மனுப் போட்டிருந்தார். தகுதி இருந்தது. மேலே இருந்தவர், வேறு ஏதோ கோபத்தில், தகுதி இல்லை என்று குறிப்பு எழுதச் சொன்னார். வாய்மொழிதான். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கும் பாடம் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. மாறுதல் வந்துவிடுமோ என்ற பயம். எழுதினேன். அந்த அம்மாள் மூன்று முறை வந்து ஜன்னலோரம் நின்றார். நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாலாவது முறை வரவில்லை.

அன்று காலையிலும் பூசை கண்டுவிட்டுத்தான் அலுவலகம் போனேன். ‘கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்ற சொல்லுக்கு அன்று என்னைவிடப் பொருத்தமான ஆள் ஜில்லாவில் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய குரலைக் கேட்டேனா? அது ரொம்பத் தெளிவாகத்தான் சொன்னது. விதவைக்கு அநியாயம் செய்யாதே என்பதற்குத் தரிசனமோ வெளிப்பாடோ தேவையே இல்லை. நம்மில் அநேகருக்குக் கடவுளின் பெரிய சித்தம் என்ன என்பது புரியாமல் இருக்கலாம். ஆனால் கூலியைக் குறைக்காதே, பொய்க் கையெழுத்துப் போடாதே, கடனைத் திருப்பிக் கொடு என்ற சின்ன உத்தரவுகள் எல்லாருக்கும் புரிந்தவைதான். புரிந்ததைச் செய்ய வேண்டியதிருக்கும் என்றுதான் புரியாததைத் தேடி ஓடுகிறோம். மாறுதல் வந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அன்று நான் நம்பியிருந்தால் அதற்குப் பெயர் விசுவாசம். அது என்னிடம் அன்று இல்லை. அருளப்பனுக்கு இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் தெருவில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால், நமக்கு ஏன் வம்பு என்று இருந்துவிடாதீர்கள். அவர் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடுங்கள். ஜெபத்துக்கு நானும் வருகிறேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவோம் என்று சொல்லுங்கள். நாங்கள் அந்தத் தெருவைவிட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த நாற்பது நாள் ஜெபம் பற்றி என் மனைவியின் காதுக்கு முன்னாலேயே அரைகுறையாக விழுந்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாரம் பேசிக்கொண்டே இருந்தோம்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நான் மாத்திரை போட்டது பாவம் இல்லையா அண்ணாச்சி?” என்றார்.

“இல்லம்மா. அந்த முப்பத்தோரு நாள்ல நீ கர்த்தர் சொன்னதைக் கேட்டது அந்த ஒரு நாளுதான்” என்றேன்.

அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என் மனைவியிடம், “மதினி, அந்த அலமாரில டப்பா இருக்கு, எடுங்க, மத்தியான மாத்திரைக்கு நேரமாச்சு” என்றார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.